முது விண்மீன்கள்

விருதுநகரை அடுத்துள்ள சூலக்கரை, கரிசல் நிலத்து ஊர். மழை குறைந்த அவ்வட்டாரத்தில் ஆண்டின் பல திங்கள்களில் வானம் தெளிந்து விளங்கும். அவ்வறட்சியே அண்மையிலுள்ள சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றத் துணைநின்றது. உழவர்க்கு இடர் செய்த வானம், மருந்தை உலர்த்துவோர்க்கு உதவியாயிற்று.

தீபாவளி இரவில் இவ்வூர்ச் சிறுவர் மத்தாப்புக் கொளுத்தி மகிழ்வர். ஒன்று செந்நிறமாய் எரியும். ஒன்று பொன்னிறமாய் எரியும். செந்நிறம் தருவது ஸ்டிரான்சியம் என்னும் உலோகத்தின் உப்பு. பச்சை நிறம் தருவதற்குப் பேரியத்தின் உப்பு நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. அதன் புகையால் விளையும் தீங்கு கருதி, அதனைப் பட்டாசுகளிற் சேர்த்தல் ஆகாது என 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இவ்வுலோகங்கள் எங்கிருந்து வந்தன? மண்ணைத் தோண்டி எடுத்தவை என்பது ஒரு விடை. மண்ணுக்கு அவை எவ்வாறு வந்தன என்று மேலும் வினவின், அதற்கு விடை வானத்தில் உள்ளது. கதிரவன் தோன்றுவதற்கு முன்னரே வாழ்ந்து, முதிர்ந்து, ஒடுங்கிய விண்மீன்களே அவற்றுட் பெரும்பகுதியை ஆக்கி அளித்தன. அம்முது மீன்களைப் பற்றி மாந்தர் அறிந்துகொண்ட வரலாற்றில் தமிழகத்திற்குச் சிறந்ததொரு பங்கு உண்டு.

மாறொளி மீன்

1786-ஆம் ஆண்டில் வில்லியம் பெட்ரி என்பார் தம் சொந்தப் பொருளைக் கொண்டு சென்னையில் வானாய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். அது கிழக்கிந்தியக் கும்பெனியாரின் பொறுப்பில் வந்து, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. அங்குக் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூணில், பின்வரும் தலைமுறையினர் அறியும்பொருட்டுத் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் உள்ளது.

அந்நிலையத்தில் 1861 முதல் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர் தலைமை தாங்கினார். அவர்கீழ் முதல் உதவியாளராய்ப் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் தோன்றிய அவர், முன்னோர் நூல்களையும் கற்றார். மேல்நாட்டுக் கருவிகளையும் கையாளப் பழகினார். விண்மீன்கள் ஒவ்வொன்றும் வானில் எவ்விடத்தில் உள்ளது என்று இரவுதோறும் அளந்து பட்டியல் எழுதுவதே அங்கு நாள்வேலை. ஆரவாரம் இல்லாத வேலை. புகழும் எளிதிற் கிட்டாத வேலை. எனினும் அவ்வேலையைப் பிழையின்றிச் செய்பவர் கண்ணுக்கே பிறர் காணாதவை புலப்படும்.

1867-ஆம் ஆண்டில் தென்வானத்தின் அடிப்புறத்துச் சிறுமீன் ஒன்று ஒரே ஒளியுடன் இராமல் மாறுவதை இரகுநாதாச்சாரியார் கண்டறிந்தார். அம்மீன் ஆர் ரெட்டிகுலி எனப் பெயர் பெற்றது. இந்தியர் ஒருவர் புதிதாய்க் கண்டறிந்த முதல் மாறொளி மீன் அதுவே என்று வானநூல் வரலாற்றார் கூறுவர். சென்னையிலிருந்து நோக்குவார்க்கு அது மிக உயர்ந்து நிற்கும் பொழுதும் அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 14 பாகை அளவே எழும். கையை நேரே நீட்டி விரல்களை மடக்கினால் அம்முட்டி வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். ஆகவே ஒன்றரை முட்டி உயரத்துக்கு மேல் ஏறாத ஒரு மீனை, அடிவானத்துப் புழுதிக்கும் பனிப்புகைக்கும் இடையே அவர் ஆராய்ந்தார் என்பது தெளிவாம்.

ஏறத்தாழ 280 நாள்களுக்கு ஒருமுறை அம்மீன் ஒளி மிகும். பின்னர்ப் படிப்படியே மங்கும். மிக்க நிலைக்கும் மங்கிய நிலைக்கும் வேற்றுமை நூற்றுக்கணக்கான மடங்காகும். எக்காரணத்தால் அங்ஙனம் மாறுகின்றது என்பது அக்காலத்தில் எவர்க்கும் விளங்கவில்லை. காரணம் தெரியாவிடினும் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தல் அறிவியலாரின் கடன். அக்கடனை அவர் செய்தார்.

இந்நேர்மையே அவர்தம் பிற பணிகளிலும் விளங்கியது. பழைய வாக்கியங்களைக்கொண்டு கணித்த பஞ்சாங்கம், வானிற் காணும் கோள்நிலையோடு ஒவ்வாமை கண்ட அவர், கண்டதற்கு ஏற்பக் கணக்கைத் திருத்துதல் வேண்டும் என்று வாதிட்டுத் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். அவர் பழமையை இகழ்ந்தவர் அல்லர். முன்னோரும் வானத்தைப் பார்த்தே கணக்கு வகுத்தனர். ஆதலின் மீண்டும் வானத்தைப் பார்த்து அதனைச் செப்பனிடுவதே அவர்க்குச் செய்யும் மரியாதை எனக் கொண்டார். 1874-இல் வெள்ளிக் கோள் கதிரவனைக் கடந்து செல்லும் நிகழ்ச்சியைப் பொதுமக்கள் உணருமாறு சிறுநூலும் எழுதினார். 1880-இல் அவர் மறைந்தார்.

விண்மீனின் பருவங்கள்

அவர் கண்ட மீன் மாறியதற்குக் காரணம் அதன் முதுமை. விண்மீனுக்கும் முதுமை உண்டோ எனின், உண்டு. விண்மீன் என்பது பெரியதொரு வாயுத் திரள். அதன் நடுவில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகும்போது வெப்பமும் ஒளியும் வெளிப்படுகின்றன. கதிரவன் இவ்வாறு 460 கோடி ஆண்டுகளாய் எரிந்து வருகின்றது. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் எரியும். அஃதாவது, அது நடுவயதில் உள்ளது.

நடுவில் உள்ள ஹைட்ரஜன் தீர்ந்தபின் விண்மீனின் நடுப்பகுதி சுருங்கும். புறப்பகுதியோ பன்மடங்கு விரியும். விரிந்த மேற்பரப்பு வெப்பம் குறைந்து செந்நிறம் எய்தும். இந்நிலையில் உள்ள மீனைச் செம்பூத மீன் என்பர். அவற்றுட் சில, மூச்சு வாங்குவாரைப் போல விரிந்தும் சுருங்கியும் துடிக்கும். வெப்பம் தணியுங்கால் அவற்றின் மேலடுக்குகளில் மூலக்கூறுகள் உருவாகி ஒளியை மறைக்கும். இரகுநாதாச்சாரியார் கண்ட மீன் இவ்வகையைச் சார்ந்தது.

நாண்மீன்கள் எனத் தமிழர் வழங்கும் இருபத்தேழனுள்ளும் முதுமீன்கள் உள்ளன. உரோகிணியும் சோதியும் செம்பூத மீன்கள். ஆதிரையும் கேட்டையும் அவற்றினும் மிகப் பெரியவை. இங்கு ஓர் உண்மை கருதத் தக்கது. ஆதிரையின் வயது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டே. கதிரவனை நோக்க அது கைக்குழந்தை. ஆயினும் அதுவே முதியது. ஏனெனில், பொருண்மை மிக்க மீன் தன் எரிபொருளை விரைந்து செலவிட்டுவிடும். விண்மீனுக்கு முதுமை வருவது ஆண்டுகளின் தொகையால் அன்று. கைப்பொருள் தீர்வதால் ஆகும்.

இளைஞரின் கணக்கு

எரிபொருள் முற்றும் தீர்ந்தபின் விண்மீன் என்னாகும்? கதிரவனை ஒத்த மீன் தன் புறப்பகுதியை வான்வெளியில் உதிர்த்துவிடும். எஞ்சிய நடுப்பகுதி நிலவுலகின் அளவாய்ச் சுருங்கி, வெண்குறு மீன் ஆகும். அதன் பொருளைத் தீப்பெட்டி ஒன்றில் அடைத்தால் அப்பெட்டி பல டன் எடை இருக்கும்.

விண்மீன்கள் யாவற்றிற்கும் இதுவே முடிவு என்று அறிஞர் கருதியிருந்த காலத்தில், 1930-ஆம் ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற தமிழ் இளைஞர் ஒருவர் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். கடற்பயணத்தின்போதே அவர் இவ்வினாவைக் கணக்கிட்டுப் பார்த்தார். கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட பொருண்மை எஞ்சுமாயின், அது வெண்குறு மீனாய் நிலைபெறாது. மேன்மேலும் சுருங்கியே தீரும் என்று அக்கணக்குக் காட்டியது.

1935-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இலண்டன் அரச வானநூற் கழகத்தில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். அவர்க்கு அப்போது வயது 24. அவரை அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன் உலகம் போற்றிய பேரறிஞர். அவர், இயற்கை இங்ஙனம் நடத்தல் இயலாது என்று அம்முடிவை எள்ளி மறுத்தார். அவையினர் நகைத்தனர். சந்திரசேகர் மனம் புண்பட்டார். ஆயினும் கணக்கைக் கைவிட்டார் அல்லர். எடிங்டனிடத்து மதிப்பையும் கைவிட்டார் அல்லர். பயனில் வாதத்திற் காலத்தைக் கழியாது வேறு துறைகளிற் புகுந்து, விண்மீன் கூட்டங்களின் இயக்கம் பற்றி 1942-இல் பெருநூல் ஒன்றை இயற்றினார்.

காலம் அவர் பக்கம் நின்றது. பொருண்மை மிக்க மீன்களின் எச்சம் நியூட்ரான் மீனாகவோ கருந்துளையாகவோ ஒடுங்குதல் பின்னாளில் உறுதியாயிற்று. 1983-இல் அவர்க்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மூத்தோர் சொல் போற்றத் தக்கதே. எனினும் உண்மைக்கு முன் மூத்தவர் இளையவர் என்னும் வேறுபாடு இல்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

வானத்து மைல்கற்கள்

முது மீன்களால் விளையும் பயன்களுள் ஒன்று, வானத்தின் தூரத்தை அளத்தல். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மத்தாப்புகளுள் ஒன்றை நூறு அடி தொலைவிலும் மற்றொன்றை இருநூறு அடி தொலைவிலும் கொளுத்தினால், பின்னது முன்னதன் ஒளியில் நான்கில் ஒரு பங்கே உடையதாய்த் தோன்றும். உண்மை ஒளி தெரியுமாயின், தோன்றும் ஒளியைக்கொண்டு தூரத்தைச் சொல்லிவிடலாம். ஆனால், வானத்து விளக்கின் உண்மை ஒளியை யார் சொல்வது?

அமெரிக்க நாட்டு அம்மையார் என்ரியட்டா லெவிட் 1912-இல் இதற்கு வழி கண்டார். இளமை கடந்து துடிக்கும் ஒருவகை மீன்களுக்கு, துடிப்பின் கால அளவு நீண்டால் உண்மை ஒளியும் மிகும் என்று அவர் காட்டினார். துடிப்பை எண்ணினால் ஒளி தெரியும். ஒளி தெரிந்தால் தூரம் தெரியும். இரகுநாதாச்சாரியார் கண்ட இனத்து மீன்களும் இவ்வாறே மைல்கற்களாகப் பயன்படுதல் பின்னர் அறியப்பட்டது.

இம்மைல்கற்களைக்கொண்டே விண்மீன் மண்டலத்தின் அமைப்பு அறியப்பட்டது. இரவில் வானத்தின் குறுக்கே வெண்புகைபோல் தோன்றும் பால்வழி, எண்ணிறந்த விண்மீன்களின் தொகுதி. கதிரவனும் அதனுள் ஒன்று. கதிரவனே அத்தொகுதியின் நடுவண் உள்ளது என்று முன்பு கருதினர். மிகப் பழைய மீன்கள் உருண்டை உருண்டையாய்த் திரண்டுள்ள கூட்டங்களின் தூரத்தை ஆர்லோ சாப்லி என்பார் அளந்து, அவற்றின் நடு வேறோர் இடத்தில் இருத்தலை 1918-இல் காட்டினார். மூல மீனை அடுத்த திசையில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் அந்நடு உள்ளது என இன்று அறிகின்றோம். ஓர் ஒளியாண்டு என்பது ஓராண்டில் ஒளி செல்லும் தூரம்.

பால்வழி மண்டலத்தின் வடிவைச் சிவகாசிச் சங்குசக்கரத்தோடு ஒப்பிடலாம். சுழலும் சக்கரத்தின் நடு பிழம்பாய்த் திரண்டிருக்க, பொறிகள் வளைந்த கைகளாய்ப் பரக்கும். அதுபோல மண்டலத்தின் நடுவில் முதுமீன்கள் நெருங்கிச் செம்பொன் நிறம் காட்டும். வளைந்த கைகளில் இளமீன்கள் நீலவெண்மையாய் ஒளிரும். குறுக்களவு ஏறத்தாழ ஒரு இலட்சம் ஒளியாண்டு. தடிப்போ அதில் நூற்றில் ஒரு பங்கு அளவே. ஒப்புமை இவ்வளவில் நிற்க, வேற்றுமையும் ஒன்று உண்டு. சக்கரத்துப் பொறிகள் சிதறி அவியும். விண்மீன்களோ சிதறாமல் நடுவைச் சுற்றி வரும். கதிரவன் ஒருமுறை சுற்றிவர இருபது கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

நம் மண்டலத்திற்கு அப்பாலும் மண்டலங்கள் உண்டோ என்னும் வினாவுக்கும் துடிமீனே விடை தந்தது. 1923-இல் எட்வின் அப்பிள் என்பார், ஆண்ட்ரோமீடா என்னும் ஒளிமுகிலில் துடிமீன் ஒன்றைக் கண்டு அதன் தூரத்தைக் கணக்கிட்டார். அது பால்வழியின் எல்லைக்கு நெடுந்தொலைவு அப்பால் இருந்தது. முகில் என எண்ணியது மற்றொரு விண்மீன் மண்டலமே என்பது அதனால் விளங்கிற்று. அதன் தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு.

சவ்வாது மலையிற் பெருந்தொலைநோக்கி

துடியாத முதுமீன்களின் தூரத்தை அறிவது எங்ஙனம்? இதற்கு ஒரு வழி கண்டவருள் ஒருவர் வைணு பாப்பு. 1927-இல் சென்னையிற் பிறந்த அவர் அமெரிக்காவிற் பயின்றார். அங்கு ஒலின் வில்சன் என்பாருடன் கூடி, செந்நிற, மஞ்சள் நிற விண்மீன்களின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தார். ஒளியை வானவில்போல் விரித்தால், ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய கோடுகள் அதில் தோன்றும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் இம்மீன்களின் நிறமாலையிற் கருங்கோடாய்த் தோன்றி, அதன் நடுவே மெல்லிய ஒளியிழை ஒன்றைக் காட்டும். அவ்விழை அகலுந்தோறும் மீனின் உண்மை ஒளி மிகுதல் கண்டு, 1957-இல் இருவரும் வெளியிட்டனர். அவ்வுண்மை இருவர் பெயராலும் வில்சன் - பாப்பு விளைவு என வழங்குகின்றது.

சென்னை நிலையத்தின் பணி 1899-இல் கொடைக்கானல் மலைக்கு மாறியிருந்தது. 1960-இல் அதன் இயக்குநராய்ப் பொறுப்பேற்ற பாப்பு, விண்மீன்களை ஆராய்வதற்கு ஏற்ற இருண்ட வானத்தைத் தேடினார். வாணியம்பாடிப் பக்கத்துச் சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் அதற்கு ஏற்றதாய் அமைந்தது. நகர விளக்கொளி எட்டாத காடு. வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் தோன்றும் இடம். 1968-இல் அங்குச் சிறு தொலைநோக்கியுடன் பணி தொடங்கிற்று; 1972-இல் ஒரு மீட்டர் ஆடியுடைய தொலைநோக்கி அமைந்தது.

பெரிய தொலைநோக்கி ஒன்றை இந்நாட்டிலேயே ஆக்குதல் வேண்டும் என்பது பாப்புவின் வேட்கை. 2.34 மீட்டர் அகலமுள்ள ஆடியை இந்நாட்டுத் தொழில்வல்லுநரே தேய்த்து மெருகிட்டனர். 1979-இல் உலக வானநூலார் சங்கத்திற்குத் தலைவராகிய முதல் இந்தியர் என்னும் சிறப்பை அவர் எய்தினார். ஆனால், தாம் தொடங்கிய தொலைநோக்கி வானத்தை நோக்குமுன், 1982-இல் செருமனி நாட்டு மூனிக் நகரில் உயிர் நீத்தார். அவருடன் உழைத்தோர் அப்பணியை நிறைவேற்றினர். 1986 சனவரியில் அத்தொலைநோக்கியும் நிலையமும் அவர் பெயரால் நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டன. நட்டவர் காணாத கனியைப் பின்வந்தோர் துய்த்தனர். ஹைட்ரஜனைப் பெரிதும் இழந்த அரிய முதுமீன்கள் பலவும் காவலூரில் ஆராயப்பட்டுள்ளன.

மூத்தோர் ஈகை

முதுமீன்களால் விளையும் மற்றொரு பயன் அவற்றின் ஈகை. 1952-இல் பால் மெரில் என்னும் அறிஞர் சில செந்நிற முதுமீன்களின் ஒளியில் டெக்னீசியம் என்னும் தனிமத்தின் கோடுகளைக் கண்டார். அத்தனிமம் நிலையற்றது, விண்மீனின் நெடிய வாழ்நாளை நோக்க விரைவில் அழிந்துவிடும். ஆதலின், அம்மீன்கள் பிறந்த பொழுது அஃது அவற்றில் இருந்திருப்பின் முன்பே மறைந்திருக்கும். இன்று காணப்படுவதால், அவை தம் முதுமையில் அதனைப் புதிதாய் ஆக்குகின்றன என்பது பெறப்பட்டது.

ஸ்டிரான்சியமும் பேரியமும் பெரும்பாலும் இவ்வாறு செம்பூத மீன்களின் உள்ளே ஆகியவையே. அம்மீன்கள் தம் புறப்பகுதியை உதிர்க்கும்போது அவையும் வான்வெளியிற் கலக்கின்றன. அக்கலவையிலிருந்து புதிய மீன்களும் கோள்களும் தோன்றுகின்றன. கதிரவனும் நிலவுலகும் அங்ஙனம் தோன்றியவையே. சூலக்கரைச் சிறுவன் கையிற் செந்நிறமாய் எரியும் மத்தாப்பில், பெயர் அறியாத முதுமீன் ஒன்றின் செல்வம் ஒளிர்கின்றது.

தீபாவளி, நிலவு இல்லாத நாளையொட்டி வருவது. அவ்விரவில் பத்து மணிக்கு மேல், வெடிப்புகை அடங்கிய பின், விளக்கொளி படாத கரிசற் காட்டில் நின்று வடபால் அண்ணாந்து நோக்கினால், ஆண்ட்ரோமீடா மண்டலம் மங்கிய வெண்திட்டாய்ப் புலனாகும். வெறுங்கண்ணுக்கு எட்டும் மிகத் தொலைவான பொருள்களுள் அஃது ஒன்று. அதனின்று 25 இலட்சம் ஆண்டுக்கு முன் புறப்பட்ட ஒளியே இன்று கண்ணை அடைகின்றது. கருவி இல்லாதவர்க்கும் வானம் தன்னை மறைப்பதில்லை. பொறுமையோடு பார்த்தலும், பார்த்ததை ஒளியாது எழுதுதலும், கணக்குக் காட்டும் உண்மையினின்று அஞ்சிப் பின்வாங்காமையும் வேண்டும். இம்மூன்றுமே இரகுநாதாச்சாரியாரும் சந்திரசேகரும் பாப்புவும் விட்டுச்சென்ற செல்வம்.

பயிற்சி

1. விண்மீனின் முதுமை ஆண்டுகளால் வருவதன்று என்பதை ஆதிரையையும் கதிரவனையும் ஒப்பிட்டு விளக்குக.
2. துடிக்கும் மீன்களை வானத்து மைல்கற்கள் எனக் கூறுதல் எவ்வாறு பொருந்தும்?
3. பால்வழி மண்டலத்திற்கும் சங்குசக்கரத்திற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.
4. பஞ்சாங்கத்தைத் திருத்திய இரகுநாதாச்சாரியார் பழமையை இகழ்ந்தவர் அல்லர் என்பதை நிறுவுக.
5. செய்து காண்க: தை மாதத்து இருண்ட இரவில் வானில் ஆதிரை, உரோகிணி ஆகிய மீன்களைக் கண்டு, அவற்றின் நிறத்தைக் குறித்து எழுதுக.